மொராண்டியின் போத்தல்களோடு வன்னியில்

ஜூன் 14, வவுனியா

இத்தாலிய ஓவியர் ஜோர்ஜியோ மொராண்டி 1964ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி காலமானார். அவருடைய நினைவு நாளை இம்முறை வன்னியில், அவர் பெயரைக் கேள்விப்பட்டிராத மனிதர்களின் வீடுகளில், அவர்கள் அன்றாடம் புழங்கும் பாத்திரங்களின் முன்னால் உட்கார்ந்து கழிப்பதென்று நானும் நண்பர் ஒருவரும் முடிவுசெய்திருக்கிறோம். நண்பர் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சித்திரம் கற்பிக்கிறார். நான் வவுனியாவில் அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய குறிப்பை இங்கே எழுதுவேன்.

மொராண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். 1890ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி பொலோனியா நகரில் பிறந்த அவர் இறந்ததும் அதே நகரில்தான். தந்தை 1909இல் இறந்துவிட, தாயோடும் மூன்று தங்கைகளோடும் ஃபொந்தாட்சா வீதியில் ஒரு மாடிவீட்டில் வாழ்நாள் முழுவதையும் கழித்தார், திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கைகளின் அறையைக் கடந்துதான் அவருடைய அறைக்குள் போக முடியும். அந்த அறையிலேயே படுக்கை, அந்த அறையிலேயே ஓவியச் சட்டம். ஆரம்பப் பாடசாலைகளில் பல ஆண்டுகள் சித்திரம் கற்பித்தார். 1930 முதல் 1956 வரை பொலோனியா நுண்கலைக் கழகத்தில், உலோகத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் அரிக்கவிட்டு எடுக்கும் அச்சோவியக் கலையைக் கற்பித்தார். இத்தாலியை விட்டு அவர் முதன்முதலாக வெளியே போனபோது அறுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். பாடசாலைச் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு, ஓய்ந்த நேரத்தில் ஓவியத்துக்கு உண்மையாக இருந்த ஒரு மனிதர் என்ற அளவிலேயே எங்களைப் போன்ற சித்திர ஆசிரியர்களுக்கு அவர் மிகவும் நெருக்கமானவர்.

அவர் வரைந்தவை போத்தல்கள், குவளைகள், கிண்ணங்கள், தகரப்பெட்டிகள், ஓர் எண்ணெய் விளக்கு, முறுகிய வரிகளையுடைய ஒரு வெள்ளைப் போத்தல். பழைய பொருட்களாகத் தேடிச் சேர்த்த இவற்றையே இடம்மாற்றி, வரிசைமாற்றி, ஒன்றின் பின் ஒன்றை மறைத்து, ஐம்பது ஆண்டுகள் வரைந்தார். நிலக்காட்சிகளும் பூக்களும் சேர 1,300க்கு மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களை விட்டுச் சென்றார். அவற்றுள் எதிலும் ஒரு கதை இல்லை. விருந்து முடிந்த மேசையும் இல்லை, மண்டையோடும் இல்லை, அரைகுறையாக உரித்த எலுமிச்சம்பழமும் இல்லை. பழைய ஐரோப்பிய நிலைப்பொருள் ஓவியர்கள் செல்வத்தையும் சாவையும் நினைவூட்டுவதற்காக மேசையில் பரப்பிவைத்த அனைத்தையும் அகற்றிவிட்டு, பொருள் நிற்கும் விதத்தை மட்டும் அவர் பார்த்தார்.

நாளை காலை கண்டி வீதியால் வடக்கே போகிறோம். கோப்புக்குள் அவருடைய ஓவியங்களின் அச்சுப்படிகள் இருக்கின்றன. வண்ணப்பெட்டியில் வெள்ளையும் காவியும் கருப்பும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, கிளிநொச்சி

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் என்று பேருந்து வேகமாக வந்தது. மாங்குளத்தில் நண்பர் ஏறிக்கொண்டார். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனங்களையும் போலவே எங்கள் பேருந்தும் நின்றது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மறுபடி ஏறினோம். பாதையைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்று எதுவுமில்லை, ஏனென்றால் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை நாங்கள் இருவரும் வெளியே பார்க்கவே இல்லை. தர்க்கித்துக்கொண்டே வந்தோம்.

நண்பரின் கேள்வி நேரானது. “அண்ணை, சனம் பட்ட பாட்டையெல்லாம் விட்டுட்டுப் போத்தலையும் பேணியையும் கீறச் சொன்னால், இந்த மண்ணில அதுக்கு என்ன நியாயம்?” என்று கேட்டார். வன்னியில் ஓவியக் கண்காட்சி என்றால் முள்வேலி, உடைந்த வீடு, பதுங்குகுழி, கண்ணீர் வழியும் முகம் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளைகளும் போட்டிகளுக்கு அவற்றையே வரைகிறார்கள். அப்படி வரைவதில் ஒரு கடமை இருக்கிறது, அதைவிட்டுக் கிண்ணங்களுக்குத் திரும்புவது கண்ணை மூடிக்கொள்வதாகும் என்பது அவருடைய வாதம். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் அந்தக் கடமையைச் செய்துவருபவர். 2009இல் தாம் கண்டவற்றைக் கரியால் தீட்டி வைத்திருப்பவர்.

நான் மொராண்டியின் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்ல முயன்றேன். பொலோனியாவுக்குத் தெற்கே அப்பெனைன் மலைகளில் கிரிட்சானா என்றொரு கிராமம் இருக்கிறது. கோடைகாலத்தில் குடும்பத்தோடு அங்கே தங்குவது அவருடைய வழக்கம். 1943இல், பாசிச எதிர்ப்பாளர்களோடு தொடர்பு வைத்திருந்தார் என்ற பெயரில் பொலோனியாவில் சில நாட்கள் சிறைவைக்கப்பட்டு விடுதலையான அவர், அவ்வாண்டுக் கோடையில் குண்டுவீச்சுக்குத் தப்பி அதே கிரிட்சானாவுக்கு இடம்பெயர்ந்தார். ஏறத்தாழ ஓராண்டு அங்கே இருந்தார். போர் நெருங்கிக்கொண்டிருந்தது, ஜெர்மானியர்கள் அந்த மலைத்தொடரிலேயே தங்கள் தற்காப்பு வரிசையை அமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டில் அவர் வரைந்தவை மலைச்சரிவும் வீட்டுச் சுவரும் போத்தல்களும்தான். துப்பாக்கி ஒன்றுகூட எந்த ஓவியத்திலும் இல்லை.

“அப்ப அவர் ஓடித்தானே இருக்கிறார்” என்றார் நண்பர். ஓடியவர் வேறு எதையாவது வரைந்திருப்பார் என்பது என் எண்ணம். உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஒரு ஆண்டில், நேற்று வரைந்த அதே கிண்ணத்தை இன்றும் அதே கவனத்தோடு பார்ப்பதற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்பதை நான் நினைத்துப் பார்க்கிறேன். போரின் வேலை பொருட்களை எண்ணிக்கையாக்குவது. இத்தனை வீடு, இத்தனை குடும்பம், இத்தனை நிவாரணப் பொதி. ஒரு பாத்திரத்தை ஒரு நாள் முழுவதும் பார்ப்பவன் அந்த எண்ணிக்கைக்கு ஒத்துழைக்க மறுக்கிறான். நண்பர் இதற்கு உடன்படவில்லை. ஒத்துழைக்க மறுப்பது வேறு, சாட்சி சொல்வது வேறு என்றார். கிளிநொச்சியில் இறங்கும்போதும் பேச்சு முடியவில்லை.

ஜூன் 16, இரணைமடு

நண்பரின் அக்கா வீடு இரணைமடுக் குளத்துக்குப் போகும் பாதையிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. அங்கே விறாந்தையில் அயலவரின் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு நாள் முழுவதும் வேலை செய்தோம். இன்று நடந்தவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், சித்திரம் கற்பிக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

கண்ணாடிப் போத்தல் வரையத் தொடங்கும் எந்தப் பிள்ளையும் முதலில் மினுக்கத்தில்தான் அகப்பட்டுக்கொள்ளும். சாளரத்தின் வெளிச்சம் போத்தலில் விழுந்து தெறிக்கும் அந்த வெள்ளைக் கீற்றைச் சரியாகப் போட்டுவிட்டால் படம் முடிந்துவிட்டதென்று நினைக்கும். மொராண்டி அந்த மினுக்கத்தையே பொருளிலிருந்து எடுத்துவிட்டார். போத்தல்களின் மேல் பளபளப்பில்லாத வண்ணம் பூசினார்; சிலவற்றின் உள்ளே வண்ணத்தை ஊற்றினார்; பொருட்களின் மேல் படிந்த புழுதியைத் துடைக்காமல் விட்டார். எஞ்சியது உருவமும் நிறமும் நிழலும் மட்டுமே. இதைச் சொல்லிவிட்டு, நண்பரின் அக்காவிடம் வெற்றுப் போத்தல்களும் பழைய பால்மாப் பேணிகளும் வாங்கி, சுவருக்கு அடிக்கும் டிஸ்ரெம்பரில் வெள்ளையும் மங்கிய மஞ்சளும் கலந்து பூசி வெயிலில் வைத்தோம். சோழகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்ததால், ஒழுங்கையின் செம்புழுதி ஈரம் காயுமுன்பே அவற்றின் மேல் படிந்தது. பிள்ளைகள் துடைக்கப் போனார்கள், தடுத்தோம். வெள்ளைப் போத்தலின் தோளிலும் கழுத்தடியிலும் மட்டும் புழுதி ஒட்டி, மற்ற இடங்கள் வெறுமையாக இருந்ததால், போத்தல் எங்கே வளைகிறது என்பதை அந்தப் புழுதியே காட்டிக்கொடுத்தது. கரிக்கோலால் நிழல் போட்டுக் காட்ட எனக்கு அரை மணி நேரம் எடுத்திருக்கும்.

அடுத்து, இடைவெளி. மொராண்டியின் பிற்கால ஓவியங்களில் இரண்டு பொருட்களின் விளிம்புகள் ஒரே கோட்டில் வந்து தொட்டு நிற்கும். எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும். வேறு சிலவற்றில் இரண்டு போத்தல்களுக்கு நடுவே விட்ட ஒடுங்கிய வெளி, அதுவும் ஒரு பொருள்தானோ என்று நினைக்கும்படி திடமாக நிற்கும். பொருட்களை ஓரிரு மில்லிமீற்றர் தள்ளித் தள்ளி வைத்து நாட்கணக்கில் அவர் ஒழுங்குபடுத்துவாராம். அவை நின்ற இடங்களை மேசையில் விரித்த தாளில் கோடிட்டுக் குறித்துக்கொள்வார். அந்தக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிறைந்த தாள்கள் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. ஒழுங்கு அமைந்துவிட்டால் வரைவதற்கு அதிக நாள் வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் போத்தல்களை வரைய வேண்டாம், அவற்றுக்கு நடுவே உள்ள வெளியை மட்டும் வரையுங்கள் என்றேன். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, இரண்டு பேணிகளுக்கு நடுவே தெரிந்த சுவர்த் துண்டைக் கீறி, “சேர், இது ஒரு கதவு மாதிரி வருது, சரியோ?” என்று கேட்டாள். சரி என்றேன். அதற்குப் பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

பிற்பகலில் இரணைமடுவின் அணைக்கட்டுக்குப் போனோம். நீர் இறங்கியிருந்தது. கனகராயனாறு கொண்டுவரும் தண்ணீரால் இந்தப் பக்கத்து வயல்களெல்லாம் விளைகின்றன. அணைக்கட்டில் நின்றபோதும் நண்பர் பேசியது போத்தல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சுவர்த் துண்டைப் பற்றித்தான்.

ஜூன் 17, விசுவமடு

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் திரும்பி, தருமபுரம் கடந்து விசுவமடுவுக்கு வந்தோம். நண்பருக்குத் தெரிந்த வயதான அம்மா ஒருவரின் வீட்டில் பகல் முழுவதும் இருந்தோம். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இன்று நான் வரைந்தவை அவருடைய மூக்குப்பேணியும் ஒரு ஜாம் போத்தல் விளக்கும்.

மூக்குப்பேணி பித்தளையில் செய்தது. வாய் அகன்று, வயிறு திரண்டு, ஒரு பக்கத்தில் வார்க்கும் மூக்கு நீண்டிருக்கும். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கானது. இந்தப் பேணியின் வயிற்றில், மூக்குக்கு நேர் எதிரே, பெருவிரல் பதிந்தது போன்ற ஒரு நெளிவு இருக்கிறது. புளி போட்டுத் துலக்கித் துலக்கி விளிம்பு மெலிந்து போயிருந்தது. பித்தளை என்றால் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு வண்ணத்தை எடுத்தால் இது வரையப்படாது. வெளிச்சம் விழுந்த பக்கம் ஏறத்தாழ வெள்ளை. நிழற்பக்கம் பச்சை கலந்த பழுப்பு. நெளிவுக்குள்ளே மட்டும், வீட்டுச் சுவரின் நீலம் ஒரு சின்னப் பொட்டாகத் தெரிந்தது. மொராண்டியாக இருந்தால் இதன்மேல் வண்ணம் பூசி அந்த நீலத்தை அடக்கியிருப்பார். இது ஒருவர் வாய்க்குப் போகும் பாத்திரம். நான் அப்படியே வரைந்தேன்.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த அம்மாவின் குடும்பம் இந்த வீட்டை விட்டுக் கிழக்கே நகர்ந்தது. போகுமுன் குத்துவிளக்கு, சருவக்குடம், அண்டா எல்லாவற்றையும் வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். அந்த நாட்களில் வன்னியில் பல குடும்பங்கள் செய்தது அதுதான். பிறகு செட்டிகுளத்து முகாமில் இருந்து, ஊர் திரும்பிக் கிடங்கைத் தோண்டியபோது அங்கே எதுவும் இல்லை. அவரோடு போய், அவரோடு முகாமில் இருந்து, அவரோடு திரும்பி வந்தது இந்தப் பேணி ஒன்றுதான். இத்தனை பொருட்களில் இதை மட்டும் ஏன் எடுத்துச் சென்றார் என்று கேட்டேன். ஏதேனும் நேர்த்தி, சீதனம், இறந்தவர் யாரேனும் புழங்கியது என்று ஒரு காரணம் வருமென்று நான் காத்திருக்க, “கையில இருந்தது தம்பி, கொண்டு போனன்” என்றார்.

ஜாம் போத்தல் விளக்கு அதற்கும் முந்திய காலத்தைச் சேர்ந்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகி, கிடைத்தாலும் விலை எட்டாததாக இருந்தபோது, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிது எண்ணெய் விட்டு, கம்பியில் நிறுத்திய நூல்திரியைப் போத்தலுக்குள்ளேயே எரியவிடுவார்கள். காற்றில் அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது. வடக்கில் ஒரு தலைமுறை முழுவதும் இந்த வெளிச்சத்தில்தான் படித்தது, நானும் படித்தேன். இந்த அம்மாவின் வீட்டுக்கு இப்போது மின்சாரம் இருக்கிறது. விளக்கு சமையலறைத் தட்டில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் புகை ஏறி, மேலே கருமையாகவும் கீழே வரவரத் தேயிலைச் சாய நிறமாகவும், அடியில் ஒரு விரலளவு தெளிவாகவும் இருந்தது. மினுக்கத்தை அடக்க மொராண்டி போத்தல்களுக்குச் செய்ததை இதற்குப் புகையே செய்துவைத்திருந்தது.

இரண்டையும் விறாந்தைக் குந்தில் வைத்து, அடியைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடு போட்டுவிட்டுத் தொடங்கினேன். பாதியில் அந்த அம்மா வந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் மூக்குப்பேணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில் அதில் வெறுந்தேநீர் கொண்டுவந்து எனக்கு நீட்டினார், பனங்கட்டியும் தந்தார். குடித்து முடித்ததும் கழுவி, சோக்கட்டிக் கோட்டைப் பார்த்து, குனிந்து, மிகச் சரியாக அந்த வட்டத்துக்குள்ளேயே வைத்தார். மூக்கு மட்டும் மறுபக்கம் திரும்பியிருந்தது. நான் திருத்தவில்லை. படத்தில் இருந்த மூக்கை வழித்தெடுத்துவிட்டு, அவர் வைத்தபடியே மறுபடி வரைந்தேன். இப்போது நெளிவு பார்ப்பவரின் பக்கமாக வந்துவிட்டது. “இந்த நெளிவையும் கீறுறியளோ?” என்று கேட்டார். கீறத்தான் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அப்ப வடிவாக் கீறுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நண்பர் இன்று வரையவில்லை. கிடங்கு இருந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜூன் 18, முல்லைத்தீவு

புதுக்குடியிருப்புக்குப் பிறகு வீதி முள்ளிவாய்க்கால் வழியாக வட்டுவாகல் பாலத்துக்குப் போகிறது. வலப்பக்கம் நந்திக்கடல். இந்த இடங்களில் 2009 மே மாதத்தில் நடந்தவை தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஒவ்வோர் ஆண்டும் மே 18இல் சிரட்டையில் கஞ்சி வார்த்துக் குடித்து அந்த நாட்களை நினைவுகொள்கிறார்கள். அங்கே நாங்கள் வண்ணப்பெட்டியைத் திறக்கவில்லை. இறங்கி நின்று, வணங்கிவிட்டு, முல்லைத்தீவுக்குப் போனோம்.

மொராண்டியின் கிரிட்சானாவைப் பற்றிய மீதிக் கதையை இன்று எழுதத்தான் வேண்டும். அவர் 1944 கோடையில் பொலோனியாவுக்குத் திரும்பிவிட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 29 முதல் ஒக்டோபர் 5 வரை, கிரிட்சானாவிலிருந்து அதிக தூரமில்லாத மொந்தே சோலே மலைப் பகுதியில், நாசி எஸ்.எஸ். படையினர் மர்சபொத்தோ, கிரிட்சானா, மொன்சூனோ ஆகிய ஊராட்சிகளைச் சேர்ந்த கிராமங்களுக்குள் புகுந்து 700க்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். தேவாலயங்களில் அடைக்கலம் புகுந்தவர்களையும் விடவில்லை. போர் முடிந்த பிறகு மொராண்டி மறுபடி கிரிட்சானாவுக்குப் போய்வரத் தொடங்கினார். முதுமையில் அங்கேயே ஒரு சிறு வீடும் கட்டிக்கொண்டார். சுற்றியுள்ள மலைகளை வரைந்தார். 1985இல் அந்த ஊர் தன் பெயரைக் கிரிட்சானா மொராண்டி என்று மாற்றிக்கொண்டது. தன் மக்களை அப்படி இழந்த ஊர், அந்த இழப்பை ஒருமுறைகூட வரையாத ஓவியரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, “ரெண்டு பேரும் வேணும் அண்ணை. சாட்சி சொல்லுறவனும் வேணும்” என்றார். அதை நான் மறுக்கவில்லை. மறுக்கும் எண்ணமும் என்னிடம் இருந்ததில்லை.

மாலையில் முள்ளியவளையில் நண்பரின் உறவினர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, கொண்டுவந்த அச்சுப்படிகளைப் பரப்பினோம். மொராண்டிக்கு விளக்கேற்றவோ மாலை போடவோ எங்களுக்கு எண்ணமில்லை. வந்திருந்த ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு படத்தை எடுத்து, பேசாமல் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். 1950களில் வரைந்த ஒரு படம். நாலைந்து பெட்டிகளும் போத்தல்களும் மேசையின் நடுவில் ஒன்றோடொன்று நெருங்கி நிற்க, சுற்றிலும் வெறுமை. அதை எடுத்துக்கொண்ட அந்த வீட்டு அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, “பங்கருக்குள்ள நாங்கள் ஒண்டையொண்டு ஒட்டிக்கொண்டு இருந்த மாதிரி இருக்கு” என்றார். மொராண்டி அதை நினைத்து வரைந்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட அந்த அக்கா அதை ஆழமாகப் பார்த்தார் என்றே நம்புகிறேன். வெறுமை சுற்றி நிற்கும்போது பொருட்கள் ஏன் நெருங்குகின்றன என்று இத்தனை ஆண்டுகள் வகுப்பில் கேட்டு வந்திருக்கிறேன். ஒரு மாணவரும் இப்படிச் சொன்னதில்லை.

முள்ளியவளையில் இன்னொன்றும் உண்டு. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்பு கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, இங்குள்ள காட்டு விநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். தீர்த்தப் பாத்திரத்தை எடுத்துச் செல்லும் வழியெல்லாம் மக்கள் வணங்கி நிற்பார்கள். ஒரு பாத்திரத்தின் முன்னால் நின்று பார்ப்பது இந்த ஊருக்கு நாங்கள் கொண்டுவந்த பழக்கமல்ல என்று நண்பர் சொன்னார். இந்தப் பயணத்தில் அவர் என் பக்கத்துக்கு அருகில் வந்து சொன்ன முதல் வார்த்தை அது என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 19, ஒட்டுசுட்டான்

தண்ணீரூற்று வழியாகக் காலையில் ஒட்டுசுட்டானுக்கு வந்து, தான்தோன்றீஸ்வரரை வணங்கிவிட்டு, நண்பரின் பாடசாலைக்குப் போனோம். வீதியோரத்தில் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கிச் சாப்பிட்டதில் கையெல்லாம் பால் ஒட்டிக்கொள்ள, வண்ணப்பெட்டியைத் தொட முடியாமல் போயிற்று.

வீட்டிலிருந்து ஏதேனும் ஒரு பாத்திரம் கொண்டுவரும்படி நண்பர் தம் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மூக்குப்பேணியும் நீத்துப்பெட்டியும் அரிக்கன் லாம்பும் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வந்தவை ரைஸ் குக்கரின் உட்சட்டி, பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல், மாஜரின் டப்பா, ஒரு மெலமைன் கோப்பை, கைபிடி உடைந்த நீல நிறக் கேத்தல். இந்தப் பிள்ளைகள் எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். நண்பரின் முகம் வாடிவிட்டது. ஊரின் நினைவைச் சுமக்கும் பொருள் ஒன்றுகூட இல்லையே என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மொராண்டியின் அறையில் இருந்தவையும் அவர் காலத்தின் மலிவான பொருட்கள்தான். பொலோனியாவில் அவருடைய வீடு 2009 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. போத்தல்களும் பேணிகளும் அங்கேயே பாதுகாக்கப்படுகின்றன. புகைப்படங்களில் பார்த்தால் எங்கள் சந்தியில் பழைய சாமான் வாங்கும் கடையைக் கடந்து போகும் உணர்வுதான் வரும். அருங்காட்சியகப் பொருளை அவர் வரையவில்லை. அவர் பார்த்ததனால் அவை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1957இல் சாவோ பாவுலோ கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும்பரிசை வென்றவை இந்தத் தகரமும் கண்ணாடியும்தான். ரைஸ் குக்கர் சட்டியை வரைய வேண்டிய காலம் இந்தப் பிள்ளைகளுடைய காலம். அதை அவர்கள் கையிலிருந்து பறித்துவிட்டு அம்மம்மாவின் பேணியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விசுவமடு அம்மா எடுத்துச் சென்றதும் அன்று கையில் இருந்த பேணியைத்தானே.

நண்பர் யோசித்துவிட்டு, வந்த பொருட்களைத் தாமே மேசையில் அடுக்கத் தொடங்கினார். நீலக் கேத்தலை நடுவில் வைத்து, அதன் பாதியை மறைத்தபடி அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து, மாஜரின் டப்பாவை ஒட்டி வைத்தார். திருப்தியில்லாமல் டப்பாவை ஒரு விரற்கடை நகர்த்தினார், மறுபடி நகர்த்தினார். ஒரு பாடவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. மாணவர்கள் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவன் எழுந்து வந்து, “சேர், கோப்பைக்கும் கேத்திலுக்கும் இடையில கொஞ்சம் விடுங்கோ, அது மூச்சு முட்டுது” என்றான். நண்பர் கொஞ்சம் விட்டார். பிறகு எல்லாவற்றையும் சுற்றிச் சோக்கட்டியால் கோடு போட்டார்.

தவணை முடியும்வரை அந்த மேசையில் கைவைக்கக் கூடாது, புழுதி தட்டவும் கூடாது என்று வகுப்புக்கு அவர் உத்தரவிட்டிருக்கிறார். மதிய இடைவேளையில் ரைஸ் குக்கர் சட்டியைக் கொண்டுவந்த பிள்ளை வந்து, இரவைக்குச் சோறு வைக்க அம்மா அதைக் கேட்பார் என்றது. சட்டியை மாலையில் கொண்டுபோய்க் காலையில் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம்.